துவைக்காத சட்டை

சபையைப் பற்றி வெளியே மூச்சு விடமாட்டேன் என்று பதினாறு வயதில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். இப்போது எனக்கு இருபத்திநாலு. அந்த வாக்கை இன்றைக்கு மீறப் போகிறேன். என்ன செய்துவிடுவார்கள்? ஒரு பல் டாக்டர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், ஒரு பஸ் டிரைவர், மருந்துக்கடை நடத்தும் அக்கா தங்கை இரண்டு பேர், அப்புறம் எங்கள் லாண்டரி மேடம். ஆறு பேருக்கும் சேர்த்துப் பன்னிரண்டு முட்டி, அதில் பத்தில் வலி. என்னைத் துரத்திப் பிடிக்க ஒருத்தராலும் முடியாது.

ரகசிய சபை என்றதும் சுரங்கம், முகமூடி, மெழுகுவர்த்தி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, லாண்டரி மாடியில் போர்வைகள் அடுக்கும் அறையில், பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காருவார்கள். ஒரு நாற்காலிக்குக் கால் சரியில்லை. அதில் யார் உட்காருவது என்பதிலேயே பாதிக் கூட்டம் முடிந்துவிடும்.

என் அம்மாவுக்கு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் பட்டன் பிரிவில் வேலை. லாண்டரிக்குப் பட்டன் அறுந்து வரும் சட்டைகளை வீட்டுக்கு வாங்கி வந்து தைத்துக் கொடுப்பாள். அந்தப் பழக்கத்தில்தான் எனக்கு அங்கே சனிக்கிழமை வேலை கிடைத்தது. துணியை வாங்க வேண்டும், தேதி போட்ட டோக்கனைக் குத்த வேண்டும், வெள்ளை தனி, கலர் தனி, சாயம் போகிறது தனி என்று பிரிக்க வேண்டும்.

மேடம் நல்லவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் போகப் போகச் சொல்ல எனக்கு மனசு வராது. அவருடைய அப்பா நடத்திய கடை அது. மேடத்தின் கணவர் கடைக்குப் பின்னால் ஜன்னலோரம் மேஜை போட்டு இஸ்திரி போடுவார். நாற்பத்தாறு வயது, பாதி வழுக்கை, மூக்கு நுனிக்கு இறங்கிய கண்ணாடி. நான் அவருக்கு வைத்த பெயர் உம்மணாமூஞ்சி. மற்றவர்களிடம் ஒன்றிரண்டு வார்த்தை பேசுவார். என்னிடம் அதுவும் கிடையாது. நான் இந்தப் பக்கம் வந்தால் அவர் அந்தப் பக்கம் போவார். என்னை வேலைக்குச் சேர்க்க வேண்டாம் என்று அவர் சொன்னாராம். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் மனுஷன் வாய் திறந்து வேண்டாம் என்று சொன்னது அது ஒன்றைத்தானாம். அந்தக் கோபத்திலேயே மேடம் என்னைச் சேர்த்துக்கொண்டார்.

இனி நீராவி அறையைப் பற்றி. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. ஒருவர் உடுத்திக் கழற்றிய துணி, துவைக்கும்வரை அந்த நாளைத் தன்னிடம் வைத்திருக்கும். அதைப் போட்டுக்கொண்டு நீராவி அறையில் நின்று, நன்றாக ஈரமானதும் பின்கதவைத் திறந்தால், வெளியே அந்தத் துணியின் நாள். துணி காயும்வரை அங்கே இருக்கலாம். காய்ந்தால் காது அடைக்கும், மறுபடி நீராவி அறைக்குள் வந்து விழுவோம். அதனால் காய்வதற்குள் ஆள் பார்க்காத பின்சந்துக்கு வந்துவிட வேண்டும். நல்ல வெயிலில் ஒரு மணி நேரம் கிடைக்கும், மூட்டமாக இருந்தால் மூன்று மணி நேரம். ஒரு துணி ஒரு தடவைக்குத்தான். அதற்குப் பிறகு அதில் நம் வியர்வை கலந்துவிடும்.

துவைக்கக் கொடுத்துவிட்டு அன்றைக்கே மனசு மாறியவர்கள், ஊர் மாறியவர்கள், செத்துப்போனவர்கள், இவர்களுடைய துணிகள் மேடத்தின் அப்பா காலத்திலிருந்து ஒரு பீரோ நிறைய இருந்தன, டோக்கனோடு, துவைக்காமல். வெளியே லாண்டரி, உள்ளே அழுக்குத் துணிக்குப் பூட்டு. போவதற்கு வளரும் வயதுப் பிள்ளைகள்தான் வேண்டும். உயரம் நின்றுபோனவர்களை அந்த அறை வெறுமனே வேகவைத்து அனுப்பிவிடும். ஏன் என்பதற்குக் கணக்கு வாத்தியார் ஒரு விளக்கம் வைத்திருக்கிறார். அதைக் கேட்பதற்கு வளர்வதையே நிறுத்திவிடலாம். மாதத்துக்கு ஒரு தடவை என்னைக் கதவோரம் நிற்க வைத்துப் பென்சிலால் கோடு போடுவார்கள். மூன்று மாதம் கோடு ஏறாவிட்டால் என் வேலை முடிந்தது.

எனக்கு ஒரு துண்டுச் சீட்டு கொடுப்பார்கள். மாடிப்படிக்குக் கீழே மறந்து வைத்த குடையை எடுத்து வாசலில் வை. பதினொன்று பத்துக்கு நீலச் சட்டைக்காரரிடம் வழி கேள். இவ்வளவுதான் இருக்கும். யாருக்காக, எதற்காக என்று கேட்கக்கூடாது. போன இடத்தில் பெயர் சொல்லக்கூடாது, எங்கிருந்து வருகிறாய் என்றால் பதில் சொல்லக்கூடாது. நானோ உலகத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தேன். அந்தக் குடையால் ஒரு யுத்தம் நின்றிருக்கும் என்று பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது நானே கற்பனை செய்து சிலிர்த்துக்கொள்வேன். அத்தனையும் வயசுக் கொழுப்பு.

பதினேழு நடந்துகொண்டிருந்தபோது மேடமே ஒரு சீட்டைக் கொடுத்தார். இருபத்தேழு வருஷத்துக்கு முந்தைய மாதம் ஒன்று. இரண்டு தெரு தள்ளி ஒரு ரேடியோ ரிப்பேர் கடை. அங்கே வேலை செய்யும் பத்தொன்பது வயதுப் பையன் மத்தியானம் எதிரே உள்ள பஸ் நிறுத்தத்தில் வந்து உட்காருவான். ஒரு பெண் அவனைத் தேடி வருவாள். அவள் யார் என்று தெரியாது. அவள் வந்தால் அவளோடு பேசவிடாமல் அவனை இழுத்துப் பிடித்துக்கொள். அந்த மாதத்துக்குப் பீரோவில் நாலு உடைகள் இருந்தன. நாலு நாள், நாலு பயணம்.

முதல் நாள் மஞ்சள் நிற மேல்சட்டை. பின்சந்திலிருந்து ஓடி வந்து சிமெண்ட் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தேன். அவன் ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தான். தலைமுடியில் செம்புக் கம்பித் துணுக்கு ஒன்று மின்னியது. என்னை ஒரு தடவை பார்த்தான், வானத்தை ஒரு தடவை பார்த்தான். கொளுத்துகிற வெயில்.

“எங்கங்க மழை?” என்றான்.

“அந்தப் பக்கம்.”

“எந்தப் பக்கம்?”

“உங்களுக்குத் தெரியாத பக்கம்.”

அவன் ரொட்டியில் பாதியை நீட்டினான். வேலை வேலையாக இருக்க வேண்டும் என்று வாங்கிக்கொண்டேன். அன்றைக்குக் காலையில் ஒரு ரேடியோவைத் திறந்தானாம். “உள்ள கரப்பான்பூச்சி குடும்பமே இருக்கு. தாத்தாவிலிருந்து பேரன் வரைக்கும். பாட்டு வராம போனதுக்கு அதுங்கதான் காரணம். ஓனர்கிட்ட சொன்னா, இத்தனை நாள் வாடகைய வாங்கிட்டு விடுடாங்கிறார்.” நான் சிரித்த சிரிப்பில் ரொட்டி புரையேறியது. அவன் தண்ணீரை நீட்டிவிட்டு, நான் இருமி முடிக்கும்வரை மரியாதையாக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த மரியாதையில்தான் நான் விழுந்தேன். அன்றைக்கு எந்தப் பெண்ணும் வரவில்லை.

இரண்டாவது நாளும் வரவில்லை. மூன்றாவது நாளும் வரவில்லை. நான் அவனை ரேடியோ என்று கூப்பிட்டேன். எப்போது வந்தாலும் ஈரமாக வருவதால் அவன் என்னை நனைஞ்ச கோழி என்றான். ‘ங்க’ போய் ‘டா’, ‘டி’ வந்துவிட்டது. எனக்கு அவனைப் பிடித்திருந்தது. சுற்றி வளைக்க என்ன இருக்கிறது, எனக்கு அவன்மேல் பைத்தியமாக இருந்தது. இங்கே சனிக்கிழமைக்காக வாரம் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பேன். அம்மா பேசுவது காதில் விழாது. “ஏண்டி, உப்பைக் கேட்டா சீப்பை எடுத்துட்டு வர்றே. எவன்டி அவன்?” என்று அவள் சாதாரணமாகக் கேட்டபோது, அவன் இந்த வருஷத்து ஆளே இல்லை என்று எப்படிச் சொல்வேன்?

சந்தோஷத்தோடு கூடவே பொறாமையும் வளர்ந்தது. அந்த இன்னொருத்தி எப்போது வருவாள்? உயரமா, குட்டையா, சிவப்பா? மேடம் பீரோவைத் திறந்து துணி எடுத்துக் கொடுத்து என்னை அனுப்புகிற அளவுக்கு அவள் என்ன பெரிய ரம்பையா? பெஞ்சில் உட்கார்ந்து அவனோடு பேசிக்கொண்டே, தெருமுனையில் திரும்புகிற ஒவ்வொரு பெண்ணையும் கண்ணாலேயே எரிப்பேன். நீங்கள் இந்நேரம் கண்டுபிடித்திருப்பீர்கள். காதலில் விழுந்தவளுக்கு மூளை கொஞ்சம் தாமதமாகத்தான் வேலை செய்யும்.

நாலாவது நாள் அவன் என் கையைப் பிடித்தான். விரல் நுனியெல்லாம் ஈயம் பட்டுத் தடித்துப் போயிருந்தது.

“உன்னைத் தேடி வேற யாராவது பொண்ணு வருதா?” என்று கேட்டேன்.

“என்னையா? நீ ஒருத்தி வர்றதையே எங்க கடையில யாரும் நம்பமாட்டேங்கிறாங்க.”

“பொய் சொல்லாதே.”

“சொல்லத் தெரிஞ்சா உன்கிட்ட இன்னும் அழகா பேசியிருப்பேன்.”

துணி காய்ந்துகொண்டு வந்தது. பீரோவில் அந்த மாதத்துத் துணி தீர்ந்துவிட்டது. மறுபடி எப்போது வருவாய் என்று கேட்டான், தெரியாது என்று சொல்லிவிட்டு ஓடினேன். லாண்டரியைத் தாண்டும்போது கல்லாவில் இரட்டைப் பின்னலோடு ஒரு பெண் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். மேடத்தின் சின்ன வயது. அவளையும் சந்தேகத்தோடுதான் பார்த்தேன். அவள் நோட்டிலிருந்து நிமிரவே இல்லை.

அடுத்த முதல் ஞாயிறு பென்சில் கோடு போனமாதக் கோட்டின் மேலேயே விழுந்தது. இரண்டாவது மாதம். வாத்தியார் உச்சுக்கொட்டினார். எனக்கு வேறு கவலை. அந்த இன்னொருத்தி யார் என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. வாரங்கள் போயின. மூன்றாவது அளவுக்கு முந்தைய சனிக்கிழமை மேடம் சோப்புத் தூள் எடுக்க மொத்தக் கடைக்குப் போனார். நான் மாடிக்குப் போய்ப் போர்வைகளுக்கு அடியில் சபை ஒளித்து வைத்திருந்த திருத்த நோட்டை எடுத்தேன்.

சபையின் பெரிய ரகசியம் அந்த நோட்டில் இருந்தது. பத்து வருஷம் வாயை மூடிக்கொண்டு உறுப்பினராக இருந்தால், தன் வாழ்க்கையில் ஒரே ஒரு திருத்தம் கேட்கலாம். இதற்குத்தான் சபை, இவ்வளவுதான் சபை. கணக்கு வாத்தியார் ஒரு வீட்டில் குடையை மறந்துவிட்டு, எடுக்கத் திரும்பிப் போனபோது, கூட வேலை செய்பவர்கள் அவர் நடையைப் போலச் செய்துகாட்டிச் சிரித்ததைப் பார்த்திருக்கிறார். குடை வாசலிலேயே இருந்தால் உள்ளே போயிருக்கமாட்டார். பதினொன்று பத்துக்கு நான் வழி கேட்டது, நீலச் சட்டைப் போட்டோக்காரரைக் கொஞ்சம் தாமதப்படுத்தி, பல் டாக்டர் கல்யாணப் போட்டோவில் கண்ணை மூடிக்கொண்டு விழாமல் இருப்பதற்காக. யுத்தமாம், உலகமாம். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. அதிலும் எதுவும் பலித்ததாகத் தெரியவில்லை. ஒவ்வொன்றுக்கும் கீழே ‘பிள்ளை சரியாகச் செய்யவில்லை’ என்று எழுதியிருந்தது.

கடைசிப் பக்கத்தில் மேடத்தின் உருண்டைக் கையெழுத்து. ‘என் கணவர் ஒருநாளும் என்னை முழுசாகப் பார்த்ததில்லை. கூட இருப்பார், கவனம் வாசலில் இருக்கும். ரேடியோ கடையில் வேலை பார்த்த காலத்தில் ஒரு பெண் பஸ் நிறுத்தத்தில் அவரைப் பார்க்க வந்துகொண்டிருந்தாளாம். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போய்விட்டாளாம். கல்யாணமான புதிதில் ஒரு தடவை சொன்னார், அப்புறம் சொல்லவில்லை. அவள் அவரைச் சந்திக்கவே கூடாது.’

மூன்று தடவை படித்தேன். பொறாமை எங்கே போயிற்று என்று தெரியவில்லை. கால் தானாக இறங்கிப் பின்னறைக்குப் போனது. அவர் ஒரு வெள்ளைச் சட்டையின் கைப்பகுதியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். வழுக்கையையும் கண்ணாடியையும் எடுத்துவிட்டுப் பார்க்க எனக்கு இத்தனை நாள் தோன்றவில்லை. விரல் நுனிகள் மட்டும் அப்படியே தடித்திருந்தன.

“படிச்சிட்டியா?” என்றார்.

“நீங்களா?”

“நான்தான்.”

“நான் வேலைக்கு வந்த அன்னைக்கே தெரியுமா?”

“வாசல்ல நீ செருப்பைக் கழட்டறப்பவே தெரிஞ்சுது.”

“அப்புறம் ஏன் சொல்லல? ஒண்ணரை வருஷமா ஏன் ஒரு வார்த்தை பேசல?”

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். “பதினாறு வயசுப் பொண்ணுகிட்ட, கொஞ்ச நாள்ல நீ என்னைக் காதலிக்கப் போறேன்னு சொல்றதா? கேக்கறதுக்கே அசிங்கமா இல்ல? நீ இப்போ என் பொண்ணு வயசும்மா. எனக்கு அதுல ஒரு குழப்பமும் இல்ல. எனக்குள்ள இருக்கற அந்தப் பையனுக்குத்தான் இன்னும் தீரல. அவன் என்ன பண்ணினாலும் அடங்கமாட்டேங்கிறான்.”

நான் அழுதேன். அவர் தடுக்கவில்லை. அன்றைக்குப் போலவே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, நான் முடிக்கும்வரை காத்திருந்தார்.

“உங்க மேடத்தை நான் ஏமாத்தினேன்னு நினைக்காதே,” என்றார். “நீ வராம போனதும் உன்னைத் தேடி இந்தக் கடைக்குத்தான் வந்தேன். இந்தச் சந்துக்குள்ள நீ ஓடறதை ஒரு தடவை பார்த்திருக்கேன். தினம் வந்து கேப்பேன். அவதான் கல்லாவுல இருப்பா. இன்னைக்கும் வரலைங்கன்னு சொல்லிச் சொல்லி அவளுக்கே என்மேல பாவமாயிடுச்சு. நல்லவ. அவளைப் பார்க்கணும்னு எத்தனையோ தடவை உக்காந்து முயற்சி பண்ணியிருக்கேன். வாசல்ல யாராவது ஈரத்தோட வந்தா தலை தானா திரும்பிடும்.”

ஆக, மேடத்தின் கல்யாணத்துக்கும் நான்தான் காரணம், மேடத்தின் குறைக்கும் நான்தான் காரணம். அந்தப் பெண்ணைத் தடுக்க அந்தப் பெண்ணையே அனுப்பிவைத்த சபை எங்கள் சபையாகத்தான் இருக்க முடியும்.

அவர் மேஜைக்கு அடியிலிருந்து ஒரு காகித உறையை எடுத்தார். உள்ளே நீலக் கட்டம் போட்ட சட்டை. பாக்கெட் கிழிந்து கறுப்பு நூலால் தைத்திருந்தது. “நீ கடைசியா வந்த அன்னைக்கு நான் போட்டிருந்தது,” என்றார். லாண்டரிக்குள் ஒரு சட்டையை இருபத்தேழு வருஷம் துவைக்காமல் காப்பாற்றுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. மேடத்தின் கண்ணில் ஓர் அழுக்குப் பட்டால் விடமாட்டார்.

“நாலு தடவைதானே வந்தேன்?”

“அஞ்சு. இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு. நாளைக்கு உன்னை அளந்தா கோடு ஏறாது. இன்னைக்கு விட்டா அப்புறம் இல்ல.”

“அன்னைக்கு நான் என்ன சொன்னேன்?”

“அதைச் சொல்லமாட்டேன். சொன்னா அதையேதான் போய்ச் சொல்லுவே. தெரியாம போனா ஒருவேளை வேற சொல்லுவே. நீ சொல்ல வேண்டியது ஒண்ணே ஒண்ணும்மா. இனிமே வரமாட்டேன்னு சொல்லிடு. காரணம் வேண்டாம். அவன் அழுவான். ரெண்டு மாசம் சரியா சாப்பிடமாட்டான். அப்புறம் எந்திரிச்சிடுவான், எனக்கு அவனைத் தெரியும். காத்துக்கிட்டு மட்டும் இருக்க வெச்சுடாதே.”

சொல்கிறேன் என்றேன். சத்தியமாக அப்போது அப்படித்தான் நினைத்தேன். அந்தச் சட்டையை மாட்டிக்கொண்டு நீராவியில் நிற்கும்போது அதையே மனப்பாடம் செய்தேன். இனிமே வரமாட்டேன், இனிமே வரமாட்டேன். மூன்று சொல்கூட இல்லை, இரண்டுதான்.

வெளியே மூட்டமாக இருந்தது. நேரம் கிடைக்கும். பஸ் நிறுத்தத்தில் அவன் உட்கார்ந்திருக்கவில்லை, நின்றுகொண்டிருந்தான். அதே நீலக் கட்டம், அதே பாக்கெட், அதே கறுப்பு நூல். நடுவில் இரண்டு வாரம் போயிருந்தது. என்னைப் பார்த்ததும் முகம் முழுக்கச் சிரித்தான், அப்புறம் சட்டையைப் பார்த்தான்.

“ஏய், இது என் சட்டை.”

“கடையில ஒரே மாதிரி ஆயிரம் சட்டை இருக்கும்.”

“கிழிசலுமா ஒரே மாதிரி இருக்கும்?”

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் கிடைக்காது. கையில் ஆதாரம் இருந்தது, கேள்வியை அவனே கேட்டுவிட்டான். நான் பாக்கெட்டைக் கையால் மூடிக்கொண்டு, “உன்னை மாதிரியே தைக்கப் பழகினேன்,” என்றேன். அவன் அதை நம்பினான். நம்பியதோடு நிற்காமல் சந்தோஷப்பட்டான். அவனைப் போல ஒரு முட்டாளை நான் பிறகு எங்கும் பார்க்கவில்லை.

ரொட்டியைப் பிய்த்துப் பெரிய பாதியை என்னிடம் கொடுத்தான். சொல்ல நிறைய வைத்திருந்தான். ஒரு டிவியை முதல் தடவையாக ஒருத்தர் உதவியும் இல்லாமல் சரிசெய்துவிட்டானாம். ஓனர் தட்டிக்கொடுத்தாராம். “எனக்குன்னு தனி மேஜை குடுத்திருக்கார் தெரியுமா? ஜன்னல் பக்கம். அங்கே உக்காந்தா இந்த பெஞ்ச் அப்படியே தெரியுது. இனிமே நீ எப்போ வந்தாலும் நான் உடனே பார்த்துடுவேன்.”

நான் தலையாட்டினேன். கழுத்துப்பட்டி காய்ந்துவிட்டது. முதுகு காய்ந்துகொண்டிருந்தது. மூட்டத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் போயிருக்கிறது, எனக்குப் பத்து நிமிஷம் போலிருந்தது. எழுந்தேன். அவனும் எழுந்தான்.

“இந்தத் தடவையாவது சொல்லிட்டுப் போ. அடுத்து எப்போ?”

அவன் என்னைப் பார்த்தான். என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. அம்மா பார்ப்பாள், அதில் பாதி கவலை இருக்கும். இவன் பார்வையில் கலப்படமே கிடையாது.

“வியாழக்கிழமை,” என்றேன்.

வாய் தவறி வந்துவிட்டது என்று சொல்லலாம். இத்தனை வருஷம் எனக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். தவறியெல்லாம் வரவில்லை, தெரிந்துதான் சொன்னேன். இனிமே வரமாட்டேன் என்று சொன்னால் அந்தப் பார்வை என் கண் முன்னாலேயே அணைந்துபோகும். அதை ஒரு நிமிஷம் நின்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அந்த ஒரு நிமிஷம் எனக்கு வலிக்கக்கூடாது என்பதற்காக அவனுக்கு இருபத்தேழு வருஷத்தைக் கொடுத்துவிட்டு ஓடினேன். பின்னால் அவன், “கண்டிப்பா?” என்றான். கண்டிப்பாக என்று ஓடிக்கொண்டே கையை ஆட்டினேன்.

காது அடைத்தது. நீராவி அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தேன். பின்னறையில் எதுவும் மாறவில்லை. அதே வழுக்கை, அதே கண்ணாடி. காலையில் பாதி தேய்த்த சட்டை முடிந்து, அதற்குப் பிறகு ஏழெட்டுச் சட்டை அடுக்கியிருந்தது. மேடம் கல்லாவில் யாரிடமோ டோக்கன் தொலைந்தால் துணி கிடைக்காது என்று கத்திக்கொண்டிருந்தார்.

“சொல்லிட்டியா?” என்று இஸ்திரி மேஜையிலிருந்து அவர் கேட்டார்.

“சொல்லிட்டேன்.”

“சரி.”

மடித்த சட்டையை அடுக்கின்மேல் வைத்தார், அடுத்ததை உதறி விரித்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. உலகத்தில் யாரிடம் வேண்டுமானாலும் அந்தப் பொய்யைச் சொல்லியிருக்கலாம். அந்த வியாழக்கிழமையைக் காதால் கேட்டது இந்த மனுஷன். நான் போவதற்கு முன்பே என்ன சொல்லப் போகிறேன் என்று தெரிந்துகொண்டுதான் சட்டையை எடுத்துக் கொடுத்தார். அப்படியிருந்தும் கொடுத்தார், அப்படியிருந்தும் கேட்டார். நான் அவர் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்கிறேன், அவர் பத்தொன்பது வயதில் நம்பியதைப் போலவே சரி என்கிறார்.

“அந்த வியாழக்கிழமை போட்டிருந்த சட்டை இருக்கா?” என்றேன். “இப்பவே போறேன். இன்னும் அளக்கல. போய்ச் சொல்லிட்டு வந்துடறேன். இந்தத் தடவை சத்தியமா சொல்லிடறேன்.”

“எங்கம்மா துவைச்சுட்டாங்க.”

சட்டையின் காலரை விரித்துத் தண்ணீர் தெளித்தார். ஒரு பக்கம் தேய்த்தார், திருப்பிப் போட்டு மறுபக்கம் தேய்த்தார்.

“வியாழக்கிழமை எத்தனை மணிக்குன்னு நீ சொல்லல,” என்றார். “அதனால காலையில கடை தொறக்கறதுக்கு முன்னாடியே வந்து நின்னுட்டேன்.”